கவிஞர் காண வேண்டிய லிஸ்பன்



ஐரோப்பியப் பயணம் என்றவுடன் நம்மவர் இலண்டனையும் பாரிசையும் நினைப்பர். போர்த்துக்கலின் தலைநகராகிய லிஸ்பனுக்கு ஒரு பகலை ஒதுக்கி, பெலெம் கோபுரத்தருகே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். தமிழ்க் கவிஞனுக்கு அந்நகரில் குறைந்தது மூன்று நாள் வேலை இருக்கிறது என்பதே என் கருத்து.

மொழி தெரியாதே என அஞ்ச வேண்டா. நாம் சன்னல் என்பதை அவர்கள் 'ஜனெலா' என்கிறார்கள். மேசை அங்கே 'மேசா', சாவி 'ஷாவ்', அலமாரி 'அர்மாரியு'. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. விடுதி அறைக்குள் நுழைந்ததுமே பாதிப் பொருள்களுக்குப் பெயர் தெரிந்திருப்பது பயணிக்குப் பெரிய ஆறுதல். நன்றி கூறும்போது ஆடவர் 'ஒப்ரிகாது' என்றும், பெண்டிர் 'ஒப்ரிகாதா' என்றும் சொல்ல வேண்டும்.

நகரமோ குன்றுகளின்மேல் அமைந்தது. நடைபாதைகளில் வெண்மையும் கருமையுமான சிறு கற்களைக் கோலம்போலப் பதித்திருக்கிறார்கள். தூறல் விழுந்தால் அக்கோலம் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி வேண்டும். புடவை உடுத்துவோர் சற்று உயர்த்திக் கட்டுவது நலம்.

மர்த்தீம் மொனீஸ் சதுக்கத்தில் புறப்படும் 28ஆம் எண் டிராம், அல்ஃபாமாப் பகுதியின் சந்துகளை உரசிக்கொண்டு மேற்கே காம்ப்பு த ஒரீக்கு வரை செல்கிறது. நண்பகலில் கூட்டமும் உண்டு, பணப்பையைக் கவரும் கைகளும் உண்டு, விடியற்காலையில் ஏறுங்கள். அதன் மேற்குக் கோடியில்தான் கவிஞர் பெர்னாண்டோ பெசோவா 1920 முதல் 1935இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. நமக்குப் புனைபெயர் ஒரு முகமூடி. அவருக்கோ ஒவ்வொரு பெயரும் தனி ஆள். தனி நடை, தனி வாழ்க்கை வரலாறு. ஷியாதுப் பகுதியில் 'ஆ பிரசிலெய்ரா' காப்பிக்கடை வாசலில் அவருடைய வெண்கல உருவம் 1988 முதல் அமர்ந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் படத்திற்காக முறை காத்து நிற்பவர்களில் எத்தனை பேர் அவரைப் படித்திருப்பார்களோ! காப்பியை உள்ளே நின்றபடி பருகினால் செலவு குறையும். மிச்சத்தை அருகிலுள்ள பெர்த்ராந்து புத்தகக் கடையில் செலவிடலாம். அது 1732இல் தொடங்கியது.

பெலெமுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். ஜெரோனிமுஷ் மடாலயம் மூடியிருக்கும். அதன் தேவாலய வாயிலின் ஒருபுறம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, மறுபுறம் கவிஞர் கமோயின்ஷின் கல்லறை. கமோயின்ஷ் இறந்த ஜூன் 10 அந்நாட்டின் தேசிய நாள். கவிஞனின் நினைவு நாளை நாட்டின் நாளாகக் கொண்ட மக்களை வணங்கத்தான் வேண்டும். ஆயினும் அம்மடாலயம் எழுந்தது ஆப்பிரிக்க, கீழ்த்திசை வணிகத்தின்மீது விதித்த நூற்றுக்கு ஐந்து வரியால். அக்கல்லிழைப்பில் மலபார் மிளகின் விலையும் அடங்கியிருக்கிறது. வியப்பது தவறன்று, வியந்ததோடு வெளியேறிவிடுவதுதான் என்னை உறுத்துகிறது.

ஏனெனில் தமிழ் அச்சேறிய முதல் நூல் 1554இல் இந்த லிஸ்பனில்தான் வெளிவந்தது. 'கார்த்தில்யா' எனப்படும் சிறு வேதநூல். தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், உடன் போர்த்துக்கீசியப் பொருள். அதனை ஆக்கிய தமிழர் மூவரை வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யு, தொமா த குருஸ் என்னும் ஞானஸ்நானப் பெயர்களால் மட்டுமே அறிகிறோம். பெசோவா பல பெயர்களைத் தாமே படைத்துக்கொண்டார்; இவர்களுக்கோ சொந்தப் பெயரே எஞ்சவில்லை. அந்நூற்படி மடாலயக் கட்டடத்திலேயே உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. சீரமைப்புக்காக அது 2022இல் மூடப்பட்டது. ஆகவே புறப்படுமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்து, நூலைக் காண விரும்புவதாக எழுதிக் கேளுங்கள்.

உணவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கேளாமலே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவ் காயும் இலவசமல்ல. வேண்டாவெனில் திருப்பி அனுப்பலாம். 'கால்து வெர்த்' என்னும் கீரைச் சாற்றில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். சைவர்கள் கேட்டுவிட்டு உண்க.

இரவில் அல்ஃபாமாவில் 'ஃபாது' கேளுங்கள். யுனெஸ்கோ 2011இல் மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்ற இசை அது. பாடகர் எழுந்ததும் விளக்குகள் மங்கும், பரிமாறுதல் நிற்கும், பேச்சு அடங்கும். நம் கவியரங்கின் பின்வரிசை நண்பர்கள் அங்கே ஒருமுறை அமர்ந்து வரலாம். தாமதமாகச் சென்றால் பாட்டு முடியும்வரை கதவருகே நில்லுங்கள். இடையில் நுழைவது அவ்வூரில் வழக்கமில்லை.