சொன்னது புரிய வேண்டும்



ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நோயாளி ஒருவருக்கு இதயத் துடிப்பு நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் நர்ஸ் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கிறார். இன்னொரு நர்ஸ் இண்டர்காமை எடுத்து ஓர் எண்ணை அழுத்துகிறார். அடுத்த நொடியே எல்லா மாடிகளிலும் ஃபால்ஸ் சீலிங் ஸ்பீக்கர்களில் அவர் குரல் கேட்கிறது: "கோட் ப்ளூ. மூன்றாவது மாடி. அறை எண் முந்நூற்றுப் பன்னிரண்டு." டியூட்டி டாக்டரும் மயக்க மருந்து நிபுணரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து ஓடி வருகிறார்கள். நெஞ்சை அழுத்தவும் ஆளில்லாமல், மின் அதிர்ச்சியும் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த அறிவிப்பில் மாடி எண் குழம்பிப் போய், வருகிறவர்கள் வேறு மாடிக்கு ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நர்ஸின் இண்டர்காமுக்கும் கூரையில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. நெட்வொர்க் பேஜிங் கன்ட்ரோலர் என்று பெயர். அதை எப்படிப் பொருத்துவது, எப்படிப் பழக்குவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மருத்துவமனையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கல்லூரி விடுதி, பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் ஒலிபெருக்கி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2023-ல் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புகளைச் சோதனை முறையில் நிறுத்திப் பார்த்தார்கள். திரைப் பலகைகள் ஏராளமாக இருந்தும் பயணிகளுக்குச் சிரமமாகிவிட்டது. சில நாள்களிலேயே அறிவிப்புகள் திரும்ப வந்துவிட்டன. பார்வையில்லாதவர், படிக்கத் தெரியாதவர், கையில் குழந்தையும் மூட்டையுமாக ஓடுகிறவர், இவர்களுக்கெல்லாம் குரல்தான் பலகை. அதை நிறுத்துவது தீர்வாகாது. தெளிவாகக் கேட்கச் செய்வதுதான் தீர்வு.

பழைய முறை உங்களுக்குத் தெரியும். ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து ஊர் முழுக்க ஓடும் வயர். யாருக்கோ சொல்ல வேண்டியது எல்லார் காதிலும் விழும். அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவர்தான் பேச முடியும். புதிய பெட்டிக்கு ஒரு பக்கம் கணினி நெட்வொர்க் கேபிள், மறுபக்கம் ஆம்ப்ளிஃபயர். மருத்துவமனையின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இது தன்னையும் ஒரு இண்டர்காமாகப் பதிவு செய்துகொள்ளும். எந்த வார்டிலிருந்து அதன் எண்ணை அழைத்தாலும் தானே எடுத்து, வரும் குரலை ஆம்ப்ளிஃபயருக்குத் தள்ளிவிடும். இதற்குப் பயன்படும் எஸ்.ஐ.பி. என்ற பொது நெறிமுறையின் இன்றைய வடிவம் 2002-ல் வெளியானது. அது பொதுவான நெறிமுறை என்பதால் ஒரு நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சும் இன்னொரு நிறுவனத்தின் கன்ட்ரோலரும் சேர்ந்து வேலை செய்ய முடிகிறது.

பெட்டியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை இருக்கிறது. கட்டடத்தை நடந்து பார்க்க வேண்டும். புறநோயாளிகள் பகுதியில் காலை பத்து மணிக்கு எவ்வளவு இரைச்சல், இரவில் வார்டு எவ்வளவு அமைதி என்று குறித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு, சுற்றியுள்ள இரைச்சலைவிட 10 முதல் 15 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் சிரமமில்லாமல் காதில் ஏறும். ஸ்பீக்கரிலிருந்து நாம் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே வராந்தாவின் ஒரு மூலையில் பெரிய குழாய் ஸ்பீக்கரைக் கட்டி அலறவிட்டால், அதன் அடியில் நிற்பவருக்குக் காது வலிக்கும், மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்காது. சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைச் சீராகப் பதித்து, குறைந்த சத்தத்தில் பேச வைப்பதுதான் சரியான முறை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரே சத்தத்தில் பேசும் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலும் மற்றது 17 மீட்டர் கூடுதல் தூரத்திலும் இருந்தால், இரண்டாவது குரல் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாக வரும். அந்த அளவைத் தாண்டினால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். எழுபதா அறுபதா என்று புரியாமல் "பது" மட்டும் காதில் விழுவது இதனால்தான். பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை அளக்க எஸ்.டி.ஐ. என்ற அளவுகோல் இருக்கிறது. அவசர அறிவிப்பு ஏற்பாடுகளுக்கு 0.5-ஐயாவது எட்ட வேண்டும் என்பது பொதுவாக வைக்கும் இலக்கு.

அடுத்தது வயரிங். மின்வாரியம் தொலைதூரத்துக்கு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்புவதுபோல, ஆம்ப்ளிஃபயரும் 100 வோல்ட் லைனில் ஒலியை அனுப்புகிறது. அழுத்தம் கூடினால் ஓட்டம் குறையும், வயரில் வீணாவதும் குறையும். சீலிங் ஸ்பீக்கரைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒன்றரை வாட், மூன்று வாட், ஆறு வாட் என்று எழுதிய முனைகள் இருக்கும். நோயாளி அறைக்கு ஒன்றரை, வார்டுக்கு மூன்று, கூட்டம் கூடும் ஹாலுக்கு ஆறு என்று இங்கேயே தீர்மானிக்க வேண்டும். ஒரு மாடியில் 30 ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் மூன்று வாட் என்றால் மொத்தம் 90 வாட். அதற்கு 120 வாட் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் மூச்சு விட இடம் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் இணைப்பதற்கு முன்னால் லைனை இம்பீடன்ஸ் மீட்டரால் அளக்க வேண்டும். 90 வாட் சுமைக்கு 111 ஓம் வர வேண்டும். 60 ஓம் காட்டினால் பல ஸ்பீக்கர்களை ஆறு வாட் முனையில் மாட்டியிருக்கிறார்கள்; பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கேயோ வயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரில் இது தெரியாது. அது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் மின்தடையை மட்டும்தான் காட்டும்.

கன்ட்ரோலரிலிருந்து வரும் வயரை ஆம்ப்ளிஃபயரின் லைன் உள்ளீட்டில் செருக வேண்டும். மைக் உள்ளீட்டில் செருகினால் குரல் கரகரவென்று உடையும். அடிக்குரலாக ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு கருவிகளின் எர்த் ஒன்றோடொன்று வளையம் போட்டிருக்கக்கூடும். இடையில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி நெட்வொர்க் பக்கம். கன்ட்ரோலருக்குத் தனி மின்சாரம் பெரும்பாலும் தேவைப்படாது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஸ்விட்சிலிருந்து மின்சாரம் பெறும். 2003-ல் வந்த முதல் தரநிலைப்படி ஸ்விட்ச் தரப்பில் 15.4 வாட், கருவியை அடைவது 12.95 வாட். கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கருவியின் ஐ.பி. முகவரியை மாறாதபடி நிலைப்படுத்திவிட வேண்டும். குரலுக்கென்று நெட்வொர்க்கில் தனிப் பாதை ஒதுக்கி, அதற்கு முன்னுரிமையும் கொடுத்துவிட்டால், எக்ஸ்ரே படங்கள் கம்ப்யூட்டரில் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் பேச்சு வெட்டி வெட்டி வராது.

குரலின் தரத்துக்கும் ஒரு செட்டிங் இருக்கிறது. வழக்கமான தொலைபேசி முறை நொடிக்கு 8,000 முறைதான் குரலை மாதிரி எடுக்கும். ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது கழிந்துவிடும். ச, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. ஜி.722 என்ற முறையைத் தேர்ந்தால் 7,000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். இண்டர்காமும் எக்ஸ்சேஞ்சும் கன்ட்ரோலரும் அதை ஏற்கும் என்றால் அதையே முதலில் வையுங்கள். செலவில்லாமல் தெளிவு கூடும்.

ஒவ்வொரு மாடியிலும் ஒரு கன்ட்ரோலர் இருந்தால், ஒரே குரலை எல்லாவற்றுக்கும் அனுப்ப மல்டிகாஸ்ட் என்ற வழி உண்டு. ஒரு குழு முகவரிக்கு ஒரு முறை அனுப்பினால் போதும், வேண்டியவை எடுத்துக்கொள்ளும். இதில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொருத்தியதும் நன்றாகப் பேசும், சில நிமிடம் கழித்து மாடிகள் ஊமையாகிவிடும். கருவியைத் திரும்பப் போட்டால் மறுபடி பேசும். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் ஸ்விட்சில் இருக்கும். குழுவில் யார் யார் இருக்கிறீர்கள் என்று அவ்வப்போது கேட்கும் வேலையை நெட்வொர்க்கில் எந்தக் கருவிக்கும் ஒப்படைத்திருக்க மாட்டார்கள். பதில் வராததால் ஸ்விட்ச் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடும். ஐ.ஜி.எம்.பி. குவெரியர் என்ற அந்த வேலையை ஒரு ஸ்விட்சுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இப்போது யார் பேசலாம், எங்கே பேசலாம் என்ற கேள்வி. இதைச் சிஸ்டம் ஆளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. டாக்டரும் நர்சிங் கண்காணிப்பாளரும் பாதுகாப்பு அலுவலரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். வாகனத்தை நகர்த்தச் சொல்லும் அறிவிப்பு வாசலுக்கும் காத்திருப்புக் கூடத்துக்கும் போதும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வேண்டாம். கோட் ப்ளூ எல்லா இடத்துக்கும் போக வேண்டும். தீ எச்சரிக்கை வந்தால் மற்ற எல்லாப் பேச்சையும் வெட்டிவிட்டு அது முன்னால் வர வேண்டும். இந்த வரிசையைக் கன்ட்ரோலரில் முன்னுரிமை எண்களாகப் பதிந்துவிடலாம். நர்ஸ் மேசைக்கு நேர் மேலே ஸ்பீக்கர் இருந்தால் பேசும்போது "கூ" என்று ஊளையிடும். பேச்சைப் பதிந்துகொண்டு, போனை வைத்த பிறகு ஒலிபரப்பும் வசதி சில கன்ட்ரோலர்களில் இருக்கிறது. அந்த மேசைக்கு அதைப் பயன்படுத்தலாம். அவசர எண்ணுக்கு மட்டும் அந்தத் தாமதம் வேண்டாம்.

கன்ட்ரோலரில் தொழிற்சாலையிலிருந்தே வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2017 ஏப்ரல் 7-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 156 அபாயச் சங்குகளும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கின. புயலும் இல்லை, வேறு ஆபத்தும் இல்லை. யாரோ வெளியாள் ரேடியோ சமிக்ஞை வழியாக அவற்றை இயக்கிவிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்த நகரம் தவித்தது. அங்கே நுழைந்த வழி ரேடியோ. நம் கட்டடத்தில் அந்த வழி, மாற்றாமல் விட்ட ஒரு பாஸ்வேர்டாக இருக்கலாம். ஒருமுறை பொய்யாக அலறிய ஒலிபெருக்கியை அடுத்த முறை மக்கள் நம்பத் தயங்குவார்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். கன்ட்ரோலருக்கும் ஸ்விட்சுக்கும் யு.பி.எஸ். கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை மறந்துவிடுகிற இடங்கள் உண்டு. தீ விபத்து நடக்கும்போது முதலில் போவது பெரும்பாலும் மின்சாரம்தான். எக்ஸ்சேஞ்ச், ஸ்விட்ச், கன்ட்ரோலர், ஆம்ப்ளிஃபயர் நான்கும் யு.பி.எஸ்.ஸில் இருந்தால்தான் குரல் வெளியே வரும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய கட்டடத்துக்குள் நடக்கும் தகவல் தொடர்புக்கும் பொது அவசர நிலைக்கும் விலக்கு உண்டு. எனவே வாசலில் இருக்கும் குழாய் ஸ்பீக்கரைத் தனிப் பகுதியாகப் பிரித்து, இரவு நேரத்தில் சாதாரண அறிவிப்புகள் அதில் தானாக நின்றுவிடும்படி அமைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. ஒருவர் இண்டர்காமில் இருபது அறை எண்களை வரிசை மாற்றிப் படிக்கட்டும். வார்டின் கடைசிக் கட்டிலருகே ஒருவர், கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர், புறநோயாளிகள் கூட்டத்தில் ஒருவர் என்று நின்று, காதில் விழுந்ததைத் தாளில் எழுதட்டும். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மீட்டரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. பேசுகிறவர்களுக்கும் பயிற்சி வேண்டும். அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் மணியோசை முடியும் வரை காத்திருந்து, நிதானமாக, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்து, இரண்டு முறை சொல்லப் பழக வேண்டும்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் தொழிற்சாலை மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசிப் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் கட்டடத்தின் கடைக்கோடி அறைக்கு நீங்களே நடந்துபோய் நின்று, அறிவிப்பைக் கேளுங்கள். புரிந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு நாள் இதே சோதனையை விடாமல் நடத்துங்கள்.