டீச்சர் கற்றுக்கொண்ட கணக்கு

(நமது சபையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம், "கால் மணி நேரம் பேசுங்கோ, விஷயம் உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். மத்திய சர்க்கார் ஆபீஸில் ஆயுசு பூராவும் ஃபைல் பார்த்தவனிடம் பெரிய விஷயம் ஏது? ஆனால் என் தங்கை பெண், கணக்கு டீச்சர், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு சின்ன வேஷம் உண்டு. அதையே சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாலக்காடு விக்டோரியா காலேஜில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன் நான். அந்த நாளில் எங்கள் கையிலிருந்த ஒரே சாதனம் கிளார்க்ஸ் டேபிள்ஸ் புத்தகம்தான். ஆபீஸில் சேர்ந்தபின், கைப்பிடியைச் சுற்றிக் கூட்டவும் பெருக்கவும் செய்யும் ஃபாசிட் யந்திரம் கைக்கு வந்தது. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. தப்பாக எதையாவது அழுத்திவிட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் சிரிப்பானே என்று, ரிட்டயர் ஆகும் வரை பக்கத்தில் ஒரு டைப்பிஸ்டை உட்கார வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். அதைக் கௌரவம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பயம்.

இனி மருமாளின் கதைக்கு வருகிறேன். வெளியூரில் இருக்கும் அங்கத்தினர்கள் பலருக்குத் தெரிந்திராத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கிழக்கே சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்க் குடியானவர்களின் குழந்தைகள் படிக்கிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகள் படிக்கிறார்கள். பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக, தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகிறோம். பாடப் புத்தகங்களைக் கேரள அரசே தமிழில் அச்சிட்டுத் தருகிறது. மருமாள் முதலில் தேவிகுளம் தாலுகாவில் ஒரு பள்ளியில் சில வருஷங்கள் இருந்தாள். பிறகு மாற்றலாகிச் சித்தூர் தாலுகாவுக்கு வந்தாள்.

பள்ளிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்ததில் கேரளம் முன்னோடி என்றே சொல்ல வேண்டும். 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. 2004-இல் இஸ்ரோ கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை ஏவியது. மறு வருஷமே அதன் மூலம் ஒளிபரப்பான விக்டர்ஸ் சானலை ஜனாதிபதி அப்துல் கலாம் அவர்கள் தொடங்கி வைத்தார். 2017-இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லாப்டாப்பும் புரொஜெக்டரும் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் டீச்சரின் வகுப்பு.

அவள் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி மலையாளத்தில் நடந்தது. பாஷை தெரியாமலில்லை. ஆனால் அங்கே 'வ்யாசம்' என்றால் இவள் குழந்தைகளுக்கு விட்டம்; அங்கே 'மட்ட த்ரிகோணம்' என்றால் இங்கே செங்கோண முக்கோணம். 'ஞாண்' மட்டும் நம் நாண்தான், வில்லின் நாண். கேட்டதையெல்லாம் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே வந்ததில், எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்பது தவறிப்போயிற்று.

முதல் நாள் வகுப்பில் லாப்டாப்பைத் திறந்தாள். திரையில் நீல வெளிச்சம் மட்டும் விழுந்தது, படம் வரவில்லை. முப்பத்தைந்து குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் போராடிவிட்டு, "இன்னிக்குக் கரண்ட் சரியில்லை" என்று ஒரு பொய்யைச் சொல்லி, சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். அதற்குப்பின் மூன்று மாதம் லாப்டாப் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், "மாமா, பதினஞ்சு வருஷமாப் பாடம் நடத்தறேன். குழந்தைகள் முன்னாடி அசடு வழிஞ்சதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் உபதேசம் பண்ணியிருப்பேன். அன்றைக்கு என் டைப்பிஸ்டின் நாற்காலி ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டு அந்தக் கதையை அவளிடம் சொன்னேன். "நான் தப்பிச்சுண்டதுலே ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. ஃபைல் எப்படியும் நகர்ந்தது. நீ தப்பிச்சுண்டா அந்தக் குழந்தைகளுக்கு இதைத் தமிழ்லே சொல்ல அந்தப் பள்ளியிலே வேற யார் இருக்கா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் லாப்டாப்பை மேஜைமேல் வைத்து, "எனக்கு இது சரியாத் தெரியாது. அன்னிக்குக் கரண்ட் சரியாத்தான் இருந்தது. யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். பின்பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். கணக்கில் பத்து மார்க்கைத் தாண்டாதவன். 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றத்தில் அவன் உறுப்பினன். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். படம் வந்துவிட்டது. ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் அன்று முதல் முன்பெஞ்சிக்கு வந்துவிட்டான்.

அவளைப் பிடித்துக்கொண்டது ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் தொடங்கியது, பள்ளிகளுக்கு இலவசம். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக் கூடத்தில் அப்பியாசம் நடந்தது. அறுபத்தெட்டு வயதில் நான்தான் மக்கு மாணவன். "மாமாவுக்குப் புரிஞ்சுட்டா எந்தக் கிளாஸுக்கும் புரியும்" என்பாள்.

பத்தாம் வகுப்பில் வட்டங்கள் பாடம். விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியோடு சேர்த்தால் உண்டாகும் கோணம் செங்கோணம். நாமெல்லாம் நெட்டுருப் போட்ட தேற்றம். அவள் திரையில் அந்தப் புள்ளியைப் பிடித்து வட்டத்தின் மேலேயே நகர்த்தினாள். முக்கோணம் நெளிந்து நெளிந்து உருமாறியது. கோணம் மட்டும் 90 பாகையை விட்டு அசையவில்லை. ஒரு பெண் குழந்தை கேட்டது: "டீச்சர், புள்ளிய வட்டத்துக்குள்ள இழுத்தா என்னாகுமுங்க?" இழுத்தாள்; கோணம் 90-ஐத் தாண்டியது. வெளியே இழுத்தாள், 90-க்குக் கீழே இறங்கியது. கரும்பலகையில் இதைக் காட்ட ஒரு பீரியட் போதாது, இங்கே ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

பிறகு அதே குழந்தை இன்னொன்று கேட்டது: "தொண்ணூறுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுங்க. அது சொன்னா சரியாத்தான் இருக்கோணுங்களா?"

மருமாள் புரொஜெக்டரை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்தாள். முக்கோணம் இரண்டாகப் பிரிந்தது. ஆரங்கள் எல்லாம் சமமாகையால் இரண்டுமே இருசமபக்க முக்கோணங்கள். ஒன்றில் இரண்டு கோணங்கள் அ, அ. மற்றதில் இ, இ. பெரிய முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் இரண்டு அ-வும் இரண்டு இ-யும் சேர்ந்து 180. ஆகவே அ-வும் இ-யும் சேர்ந்து 90. அந்தப் புள்ளியில் இருக்கும் கோணம் அதுதான். "கம்ப்யூட்டர் காட்டித்தான் கொடுக்கும். ஏன்னு சொல்லறது நம்ம வேலை" என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் நூறு வாங்கியபோதுகூட நான் பார்த்ததில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஜூன் 1-ஆம் தேதி விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிக்கும் பாடங்கள் தயாராயின. ஆனாலும் குழந்தைகளின் சந்தேகங்களைத் தீர்க்க டீச்சர் வேண்டுமே! கவிழ்த்துப் போட்ட அரிசிப்படியின் மேல் போனை நிறுத்தி, அடுத்தாத்துக் குக்கர் விசிலுக்கு நடுவே, சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். தேவிகுளத்தில் அவளிடம் படித்த பழைய மாணவி ஒருத்தி, தன் தம்பிக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பா தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகுதான் கிடைக்கும். சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும். இது தெரிந்தபின் எந்த வீடியோவும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. கடிகாரம் பார்த்தது நான். "போறும், நிறுத்து" என்று கை காட்டுவதே என் உத்தியோகம்.

நம் அங்கத்தினர்களில் ஓய்வு பெற்ற எஞ்சினீயர்களும், பாங்க் அதிகாரிகளும், ஆசிரியர்களும் அநேகம். பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் நன்கொடை தரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகத் தரலாம். ஆனால் என் மருமாளின் அலமாரியில் கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் திறக்கத்தான் தைரியம் இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு அது தெரியாவிட்டால் இன்னும் விசேஷம், சேர்ந்து அசடு வழியலாம்.

கடைசியாக ஒன்று. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் கொடுக்க வேண்டிய ஜீவன் பிரமாண் சான்றிதழை, இப்போது என் போனிலிருந்து நானே அனுப்பிவிடுகிறேன். எங்கள் அக்ரஹாரத்தில் நாலு பேருக்கும் செய்து கொடுக்கிறேன். போன வருஷம் ஒருவருக்குத் தப்பாக அழுத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பேரன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.