கம்ப்யூட்டரும் நம்ம கணக்குப் புத்தகம்தான்

(கூட்டமைப்பு அலுவலகப் பணியாளர்கள், கணக்காளர்கள், குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்கான பயிற்சி நாளில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசு மகளிர் குழுத் திட்டம் தொடங்கிய காலத்தில் நம்மிடம் இருந்தது தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. அதோடு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஊக்குநர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பேங்கில் பணம் எடுக்க முடியாது, பிரதிநிதியும் சேர்ந்து போடணும். யாரையும் சந்தேகப்பட்டு வைத்த கட்டுப்பாடு இல்லை அது. பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்த பணத்துக்கு நாமே போட்டுக்கொண்ட வேலி.

இன்றைக்கு அந்தப் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. உறுப்பினர்களின் ஆதார் நகல், போட்டோ, பேங்க் கணக்கு எண், கடன் பாக்கி எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான் இருக்கு. ஆனால் வேலி மட்டும் கூடவே போகலை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

பாஸ்வேர்டு யாருடையது?

பல அலுவலகங்களில் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருக்காங்க. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கைச் சுவரில் மாட்டி வைப்போமா? இரண்டும் ஒன்றுதான்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கணும். குழுப் பெயர், பிள்ளை பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து, நடுவில் எண்ணும் குறியும் போட்டால் நமக்கு நினைவில் நிற்கும், மற்றவர் ஊகிப்பது கஷ்டம். ஈமெயிலுக்கு ஒன்று, பேங்க்குக்கு வேறொன்று வைக்கணும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இருந்தால், ஒன்று தொலைந்தாலே வீடு முழுக்கத் திறந்துடும்.

கூட்டமைப்பின் முக்கியமான பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, தலைவியும் செயலாளரும் மேலே கையெழுத்துப் போட்டு பீரோவில் வையுங்கள். யாராவது திறந்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். ஆபரேட்டர் வேலையை விட்டுப் போகும்போது அலுவலகச் சாவியைத் திருப்பி வாங்கிக்கிறோம், பாஸ்வேர்டை மாற்ற மறந்துவிடுகிறோம். கூட்டமைப்பின் ஈமெயிலை அவர் தன் சொந்த செல் நம்பரில் திறந்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றும் ஓடிபியும் அவர் போனுக்குத்தான் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த ஊருக்குக் கல்யாணமாகிப் போனவரை ஒவ்வொரு முறையும் தேடிப் போக முடியுமா? அதனால் கூட்டமைப்புப் பெயரில் தனி சிம் வாங்கி, அந்த எண்ணையே எல்லாவற்றுக்கும் கொடுங்கள். அதை விடாமல் ரீசார்ஜ் செய்யணும். அப்படியே விட்டுவிட்டால் அந்த எண் ரத்தாகி, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

நெட் பேங்கிங் வைத்திருக்கும் கூட்டமைப்புகள், பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று பேங்கில் கேட்டு வாங்குங்கள. இரண்டு பாஸ்வேர்டும் ஒரே ஆளிடம் இருந்தால், இரண்டு கையெழுத்தையும் ஒருவரே போடுவதற்குச் சமம்.

எழுந்தால் பூட்டு

டீ குடிக்கப் போகிறோம், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். கணக்கு திறந்தபடியே இருக்கு. கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நொடி வேலைதான். பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டரில் வேலை செய்தால் மூன்றைச் சரிபாருங்கள். ஈமெயிலை லாக் அவுட் செய்தோமா? வாட்ஸ்அப்பை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் மூடினோமா? பிரின்ட் எடுக்க இறக்கிய ஆதார் ஃபைலை அழித்தோமா? அழித்த ஃபைல் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதையும் காலி செய்யணும்.

வெள்ளிக்கிழமை நகல்

ஒரு கூட்டமைப்பில் மழைக்காலத்தில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகிப் போச்சு. மூன்று வருடக் கணக்கு அதற்குள். கையால் எழுதிய பேரேட்டை அந்தக் கணக்காளர் அக்கா நிறுத்தாமல் எழுதி வந்ததால்தான், நான்கு பேர் உட்கார்ந்து திரும்ப ஏற்ற முடிந்தது. பேரேடு இல்லை என்றால் எந்த உறுப்பினர் எவ்வளவு கட்டினார் என்று யார் சொல்வது? ஊருக்குள் சண்டைதான் வந்திருக்கும்.

அதனால் வாராவாரம் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கு ஃபைல்களைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுத்தால், ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே, பூட்டிய பீரோவில் இருக்கும். மாதம் ஒரு முறை நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

கழற்றி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. ஃபைல்களை எல்லாம் பூட்டி வைத்து, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. அப்டேட் கேட்டால் 'அப்புறம்' என்று தள்ளாதீங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. உங்கள் அலுவலகத்தில் என்ன இருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த செயற்குழுவில் பேசுங்கள். வெளியில் போய் வந்த பென்டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்கவும் வேண்டாம்.

ஆதார் நகல் அடுத்தவர் சொத்து

கடன் விண்ணப்பத்துக்காக வாங்கிய ஆதார் நகல்கள் மேசை மேல் கட்டுக்கட்டாகக் கிடக்கு. சில இடத்தில் அதன் பின்பக்கம் கூட்டல் கணக்குப் போடுறாங்க. நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது, பூட்டி வைக்கணும். நகல் கொடுக்கும் உறுப்பினரும் அதன் மேல் எதற்காகக் கொடுத்தோம், என்ன தேதி என்று குறுக்கே எழுதலாம். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் கொடுக்கலாம். கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள், 'விழலை, இன்னொரு தரம் வையுங்க' என்று சொன்னால், முதல் தடவை பணம் போச்சா இல்லையா என்று ரசீதைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் விரலை வைக்கணும்.

போனில் கூப்பிடுபவர்

"அக்கா, உங்க குழுவுக்கு மானியம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க." இந்தக் குரலை நம்மில் பலர் கேட்டிருப்போம். பேங்க்காரர் ஓடிபி கேட்க மாட்டார். நமக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை, பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகுது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் பேங்க் பெயரிலோ, கல்யாணப் பத்திரிகை என்றோ ஏபிகே என்று முடியும் ஃபைல் வந்தால் தொடாதீங்க. அது ஒரு ஆப். உள்ளே போனால் நம்ம எஸ்எம்எஸ்ஸை எல்லாம் படிக்கும். லிங்க் வந்தால் முகவரியைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2025-ல் சொன்னபடி வங்கிகளின் இணைய முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியணும்.

அலுவலகத்துக்கென்று தனி ஏமாற்று ஒன்றும் இருக்கு. தலைவியின் போட்டோவோடு புது நம்பரிலிருந்து செய்தி வரும். "மீட்டிங்கில் இருக்கேன், அவசரமா இந்தக் கணக்குக்கு 20,000 அனுப்பும்மா." ஆபரேட்டர் தங்கச்சி என்ன செய்வாள்? பெரியவங்களைக் கேள்வி கேட்கவே பயப்படுவாள். அதனால் தலைவிகளே, நீங்களே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்: "நான் சொன்னாலும் சரி, பழைய நம்பரில் கூப்பிட்டு என் குரலைக் கேட்காமல், தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதே." இதைத் தீர்மானமாகவே எழுதுங்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

பணம் போய்விட்டால்

இதுதான் முக்கியமான இடம். நாம் போகிற ஊர்களில் பார்க்கிறோம். பணம் போனதும் பெண்கள் முதலில் செய்வது, வாயை மூடிக்கொள்வது. வீட்டுக்காரர் அடிப்பார், குழுவில் சிரிப்பாங்க, 'படிச்சவதானே நீ' என்பாங்க. அப்படியே இரண்டு நாள், நான்கு நாள் ஓடிவிடும். ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியதும் அந்த நான்கு நாள்தான்.

உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். ஏமாற்றியவன் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போனால், அது போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்தி வைக்க வழி உண்டு. எவ்வளவு, எந்த நேரம், எந்தக் கணக்கு, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேங்க்குக்கும் போன் செய்து கார்டையும் யூபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள், கிளையில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வந்த செய்திகளை அழிக்காதீங்க, அதுதான் சாட்சி.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், நம் தவறும் பேங்க் தவறும் இல்லாமல் போன பணத்துக்கு, பேங்கிலிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளர் மேல் சுமை இல்லை என்று இருந்தது. ஓடிபியை நாமே கொடுத்திருந்தாலும், புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்குப் பேங்க்தான் பொறுப்பு என்றும் இருந்தது. சொன்ன நேரத்தை வைத்துத்தான் எல்லாம் தீர்மானமாகும் என்பது இதிலிருந்தே தெரியுது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரு தங்கை வந்து 'பணம் போயிடுச்சு அக்கா' என்றால், 'ஏன் கொடுத்தே?' என்று ஆரம்பிக்காதீங்க. 'எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். போனை எடுத்து 1930 போட்டுக் கொடுங்கள். திட்ட வேண்டியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்துக்கு நான்கு வேலை: பழைய பாஸ்வேர்டை மாற்றுவது, வெள்ளிக்கிழமை நகல் எடுக்கும் ஆளைக் குறிப்பது, ஆதார் நகல்களைப் பூட்டி வைப்பது, 1930 என்ற எண்ணை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது. நான்கையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.