வெற்று வளவிற் கற்ற பாடம்



சிரமதானம் என்னும் சொல்லை அறியாதார் இந்நாட்டில் இலர். 1958ஆம் ஆண்டிலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன அவர்கள் தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். பிறரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கிராமம் அது. மாணவர் அங்கே மண்வெட்டி பிடித்து, அம்மக்களோடு உண்டு, உழைத்து, அவர்தம் வாழ்வைக் கற்றனர். சர்வோதய சிரமதான இயக்கம் அம்முகாமிலிருந்தே வளர்ந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவிலே வேறோர் ஆசிரியர், வேறொரு துறையில், இதனையொத்த ஒரு காரியத்தைத் தொடங்கினார். பூங்கா அமைக்கும் கலையைப் பயிலும் மாணவர் தம் பயிற்சிக் காலத்தை எவ்வாறு பயன்படுத்தல் வேண்டும் என்பதற்கு அவர் பணி தக்கதொரு சான்றாகும்.

கார்ல் லின் என்பது அவர் பெயர். 1923இல் ஜெர்மனியிற் பிறந்த யூதர். 1934இல் நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சிக் குடும்பத்தோடு பாலஸ்தீனத்துக்கு ஓடியவர். பின்னர் அமெரிக்கா சென்று, தோட்டம் அமைப்பதிலே பேரெடுத்தார். நியூயோர்க் நகரின் சீகிராம் கட்டிடத்தில் 1959இல் திறக்கப்பட்ட 'ஃபோர் சீசன்ஸ்' என்னும் புகழ்மிக்க உணவகத்தினுள்ளே செடிகொடிகளை அமைக்கும் பணியிலும் அவர் பங்கு உண்டு. எனினும் செல்வருக்குத் தோட்டம் அமைப்பதோடு அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. அதே 1959இல் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ஆசிரியரானார்.

அந்நகரின் வட பகுதியிலே வறிய மக்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், நெருங்கி வாழ்ந்தனர். பழைய வீடுகள் இடிக்கப்பட்ட இடங்களிலே வெற்று வளவுகள் குப்பை நிறைந்து கிடந்தன. பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை. முதியோருக்கு இருந்து பேச இடமில்லை. லின் தம் மாணவரை வகுப்பறையிலிருந்து வெளியேற்றி, அவ்வளவுகளுக்கே அழைத்துச் சென்றார். அயலவரும் மாணவரும் சேர்ந்து அவற்றைத் துப்புரவாக்கி, எல்லார்க்கும் உரிய பொது வளவுகளாக ஆக்கத் தலைப்பட்டனர். வீடுகளை இடித்தபோது மிஞ்சிய செங்கற்களும் கற்படிகளும் வாங்குகளாகவும் தளங்களாகவும் மறுபிறப்பு எடுத்தன. 1961இல் இப்பணிக்கென ஒரு தொண்டர் அமைப்பையும் அவர் நிறுவினார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வரைபடம் கற்க வந்த மாணவர் கல் சுமப்பதனால் யாது பயன்? பெற்றோருட் சிலரும் இவ்வாறு கேட்கக்கூடும்.

நேயர்களே, வரைபடம் ஒரு நிலத்தை மேலிருந்து பார்க்கிறது. அங்கு வாழ்பவரோ நிலத்தில் நின்று பார்க்கின்றனர். மாணவர் ஒருவர் அழகான வட்டப் பாதையொன்றை வரைகிறார் என வைத்துக்கொள்வோம். ஊரவரோ குறுக்கே நடந்து நடந்து ஏற்கெனவே ஒரு தடத்தை உண்டாக்கியிருப்பர். அது கடைக்கோ குழாயடிக்கோ செல்லும் வழியாயிருக்கும். காலையிலும் உச்சிப்பொழுதிலும் அந்தியிலும் அவ்வளவிலே நின்று பாராத மாணவர் அத்தடத்தை அழித்து அங்கே பூச்செடி நடுவார். ஒரு திங்களுள் செடி மிதிபட்டுப் போகும். பின்னர் மக்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று பழி கூறுவர். பிழை எவரது?

கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்பதிலும் இதே இடர் உண்டு. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்றால், அடுப்படியில் நிற்கும் தாய்மார் வரமாட்டார். பிள்ளைகளை எவரும் அழைக்கமாட்டார். உரத்துப் பேசுவோர் சிலர் கருத்தே ஊரின் கருத்தாக எழுதப்படும். ஆதலின் வராதவரைத் தேடிச் சென்று கேட்பதே பயிற்சி மாணவரின் முதற் கடமை. கடதாசியில் வரைந்த கோடுகள் பலர்க்கு விளங்கா. நிலத்திலே கயிறு கட்டி, தடி நாட்டி, "இங்கே வாங்கு, இங்கே மரநிழல்" என்று காட்டினால் எட்டு வயதுச் சிறுமியும் தன் கருத்தைச் சொல்வாள்.

ஆயினும் பிலடெல்பியாவின் கதையை இன்பமாகவே முடித்துவிடுதல் நேர்மையாகாது. அன்று அமைத்த பொது வளவுகளுட் பல நெடுங்காலம் நிலைக்கவில்லை. உழைத்தவர் கைகள் இருந்தன. நிலத்தின் மேல் நிலையான உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. பராமரிப்புக்கு நிரந்தர ஏற்பாடும் இருக்கவில்லை. மாணவர் பட்டம் பெற்றுச் சென்றனர். அயலவர் அங்கேயே இருந்தனர். நம்பிக்கை கொடுத்துவிட்டு நீங்குவது, ஒன்றும் கொடாமல் இருப்பதிலும் சிலவேளை கொடிதாகும். லின் இப்பணியைக் கைவிடவில்லை. முதுமையிலே கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் அயலவரோடு சேர்ந்து சமூகத் தோட்டங்கள் அமைக்க உழைத்தார். 2005இல் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய தோட்டமொன்று அந்நகரில் உண்டு.

நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே நகரத் திட்டமிடலும் நிலவமைப்புக் கலையும் கற்பிக்கப்படுகின்றன. அத்தகைய மாணவர் அலுவலகங்களிற் பயிற்சிக்கு வரும்போது, அவர்களைக் கடதாசி அடுக்கவும் பழைய வரைபடங்களைப் படியெடுக்கவும் மட்டும் விட்டுவிடலாகாது. ஒரு சிறு வளவைக் காட்டி, "இவ்வயலாரோடு பேசி வா" என்று அனுப்புதல் வேண்டும்.

செல்லும் மாணவர் தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் மூன்று வினாக்களை எழுதிக்கொள்வாராக. இப்பூங்கா வேண்டும் என்று கேட்டவர் யார்? இதுவரை என்னோடு பேசாதவர் யார்? நான் சென்ற பின், இங்குள்ள மரத்துக்குத் தண்ணீர் வார்ப்பவர் யார்?

மூன்றாம் வினாவுக்கு ஒருவர் பெயரையேனும் உறுதியாக எழுத முடிந்தால், அம்மாணவரின் பயிற்சி வீண்போகவில்லை. அப்பெயர் கிடைக்கும்வரை மரத்தை நடாது பொறுத்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியேயாம்.