நரம்பும் மரமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு நிகழும் இசைப் போட்டியை நீங்கள் அறிவீர்கள். சீவகன் முன் யாழ்கள் பல கொணர்ந்து வைக்கப்படுகின்றன. அவன் எடுத்த உடனே வாசித்துவிடவில்லை. நீரில் நின்று நெகிழ்ந்த மரம் என்று ஒன்றைத் தள்ளுகிறான். வாளால் புண்பட்டது என்று வேறொன்றை ஒதுக்குகிறான். இடியேறு தாக்கியது என்று இன்னொன்றை விலக்குகிறான். நரம்பையும் அவன் விட்டானில்லை. அதனுள் ஒளிந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான்.

எறணாகுளத்துப் பிராட்வேக்குச் சென்று பிள்ளைக்குக் கிதார் வாங்கும் நாம் இதில் பத்தில் ஒரு பங்கு கவனமும் செலுத்துவதில்லை. நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். மூன்றாம் மாதம் கருவி அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. பிள்ளைக்கு இசை வராது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். பல வீடுகளில் குற்றம் பிள்ளையினுடையது அன்று, கருவியினுடையது என்பதே இன்று யாம் சொல்ல வந்தது.

கிதார் நமக்கு அயலார் கருவி ஆயிற்றே என்று முணுமுணுக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். வயலினும் அப்படி வந்ததுதான். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு பிழைப்புத் தேடி நம்மைப் போலவே கேரளம் வந்தவர். சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார், ஆண்டு 1834. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டிலிருந்து கிதாரை நீக்கிவிட்டால் நமக்குத்தான் மனம் வருமா?

இனி நரம்புக்கு வருவோம். கிதாரில் இரு குலங்கள் உண்டு: நைலான் நரம்பு பூண்டது ஒன்று, எஃகுக் கம்பி பூண்டது மற்றொன்று. முன்னாளில் விலங்கின் குடலைத் திரித்த நரம்பே பூட்டினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கிடைப்பது அரிதாயிற்று. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் நரம்பு செய்தார். செகோவியா என்னும் பெரும் கலைஞர் அதனை ஏற்று வாசித்தார். அன்று முதல் அது நிலைபெற்றது.

இரண்டுக்கும் ஓசையில் மட்டுமா வேற்றுமை? இழுவிசையிலேதான் பெரும் வேற்றுமை. நைலான் நரம்பு ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ. எஃகில் 'பன்னிரண்டு' என்று கடைக்காரர் சொல்லும் தொகுதி 70 கிலோவுக்கும் மேலே இழுக்கும். இதனை யாம் நூலில் கற்கவில்லை, வீட்டில் கற்றோம். எம் மகளின் நைலான் கிதாரில் ஒரு நரம்பு அறுந்தது. கடையில் கேட்டோம், எந்தக் கிதார் என்று வினவாமலே எஃகுத் தொகுதி ஒன்றைத் தந்தனர். பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து யாமே பூட்டினோம். நள்ளிரவில் பாத்திரம் விழுந்தாற்போல் ஓசை கேட்டு எழுந்தோம். குதிரை மேற்பலகையை விட்டுப் பெயர்ந்து கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே இளம் விரலுக்கு நைலான் நன்று. எஃகுதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால் 'பத்து' வாங்குங்கள். பத்து என்பது மெல்லிய கம்பியின் கனம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. பன்னிரண்டைவிட இழுவை குறைவு, விரலுக்கும் நோவு குறைவு. ஓசை சற்றே மெலியும், அதனால் குறையொன்றுமில்லை.

கருவியை எவ்வாறு சோதிப்பது? வீணை அறிந்த தாய்மார்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். திறந்த தந்தியைச் சட்ஜமாகக் கொண்டால் ஐந்தாம் மெட்டில் சுத்த மத்யமமும், ஏழாம் மெட்டில் பஞ்சமமும், பன்னிரண்டாம் மெட்டில் மேல் சட்ஜமும் நிற்க வேண்டும். மேல் சட்ஜம் பிசகினால் அக்கருவியைத் தொடாதீர்கள். வீணையில் மெழுகை இளக்கி மெட்டைத் திருத்துவது போல் இதில் திருத்த இயலாது. ஆனால் நாலாம் மெட்டின் அந்தர காந்தாரம் சற்று ஏறியிருப்பதாகத் தோன்றும். அது எல்லாக் கிதாரிலும் உள்ள பொதுத் தன்மை, கடைக்காரரோடு வழக்காட வேண்டா. பின்னர்ப் பன்னிரண்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள உயரத்தைப் பாருங்கள். எஃகுக் கம்பியில் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருத்தல் நலம். நைலானில் சிறிது கூடலாம். நான்கு ஐந்து என்று உயர்ந்திருந்தால் பிள்ளை அழுத்தவே மாட்டாது.

விலை குறைந்த கருவிகளில் மேற்பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகையே. அதனை இழிவாக எண்ண வேண்டா. ஒற்றைப் பலகைக்கு ஓசை இனிமைதான். ஆயினும் இடவப்பாதி பிறந்தால் நம் மட்டாஞ்சேரிச் சுவரெல்லாம் வியர்ப்பதை அறிவீர்கள். அந்த ஈரத்தில் ஒற்றைப் பலகை உப்பித் தந்தியை உயர்த்திவிடும். ஒட்டுப்பலகை ஓரளவு தாங்கும். கல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் போன்றவற்றிலும் யமஹாவின் தொடக்க வகைகளிலும் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. ஒரே பெயரில் இரண்டை வாங்கினாலும் ஒன்றுபோல் மற்றொன்று இராது. எனவே பெயரைக் கேட்டு வாங்காமல் கையிலுள்ள அந்த ஒன்றைச் சோதித்தே வாங்குக. பணத்தில் பத்தில் ஒரு பங்கை நரம்புக்கும் பைக்கும் ஒதுக்கி வையுங்கள். கருவியோடு வரும் நரம்பு பெரும்பாலும் மட்டமானது.

கடற்காற்றின் உப்பும் கைவியர்வையும் எஃகுக்குப் பகை. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டால் தந்தியின் மேலும் கீழும் துடையுங்கள். துருவேறிய தந்தி விரலை அறுக்கும். மழைக்காலத்தில் பையை மூடி, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை உள்ளே இடுங்கள். சுவரில் சாய்த்து வைப்பது கூடவே கூடாது.

எம் வீட்டுக் கிதாரின் குதிரையைத் தச்சர் ஒருவர் மீண்டும் ஒட்டித் தந்தார். நைலான் நரம்பே பூட்டியுள்ளோம். இன்று மாலை குழந்தைகள் நிகழ்ச்சியில் நான்காவதாக எம் மகள் அதை வாசிக்கிறாள். இருந்து கேட்டுச் செல்லுங்கள்.