படுக்கையிலும் ஓயாத ஊழியம்



புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் ஆயாக் கொட்டகையை அறியாத பழைய குடும்பம் உண்டா? விடியுமுன் பிள்ளையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே தாய்மார் மரம் வெட்டப் போனார்கள்! பிறர் பெற்ற பிள்ளைகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஓர் அம்மையாரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் மலையடிவாரத்துச் சிற்றூர் டோனாவூர். அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், தாய்நாடு திரும்பவேயில்லை. 1901இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப் பின் வந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில். ஊர் ஊராகப் போய்ப் போதித்த அம்மையார், பால் காய்ச்சவும் தொட்டில் ஆட்டவும் உட்கார்ந்துவிட்டார். இதுவும் ஓர் ஊழியமா என்று கேட்டவர்களும் உண்டு.

1931இல் களக்காட்டில், மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர் இருட்டில் குழியில் விழுந்து கால் முறிந்தார். அப்போது வயது 63. அதன் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான்.

இடுப்பொடிந்து உட்கார்ந்த நம் வீட்டுப் பெரியவர்கள், "இனி நான் யாருக்கு என்ன செய்யப் போகிறேன்?" என்று பெருமூச்சு விடுவதில்லையா? அம்மையாருக்கும் வலி இருந்தது. தூக்கமற்ற இரவுகள் இருந்தன. ஆனாலும் படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்கும் உடனூழியர்களுக்கும் சிறு சிறு சீட்டுகள் எழுதி அனுப்பினார். ஓடியாடிச் செய்த 30 ஆண்டு வேலையைவிட இதுவே கடினமான ஊழியம் என்பேன்.

1951 ஜனவரி 18இல் காலமானார். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள். அதில் பொறித்த சொல் ஒன்றே ஒன்று: அம்மா.