தலசீமியாவும் நாமும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோய்களுக்குக் காரணமான பரம்பரைக் காரணிகள் பற்றிய ஆராய்ச்சிகளைக் குறித்துப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். பெரிய தலைப்பு. தரப்பட்ட நேரத்தில் எல்லா நோய்களையும் தொட்டுக்கொண்டு போனால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மனதில் நிற்காது. ஆகவே ஒரேயொரு நோயை எடுத்துக்கொள்கிறேன். அது தலசீமியா. பரம்பரை நோய்களைப் பற்றி மருத்துவம் கற்ற முக்கியமான பாடங்களில் பல இந்த நோயிலிருந்து வந்தவை. அவற்றுள் சில எங்கள் நாட்டு நோயாளரிடமிருந்து, குருநாகலிலிருந்து வந்தவை.

எங்கள் இரத்தத்திலுள்ள செங்குருதிக் கலங்களுக்குள் ஈமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. ஒட்சிசனைச் சுமப்பது அதுதான். அதில் இரண்டு அல்பா சங்கிலிகளும் இரண்டு பீற்றா சங்கிலிகளும் உண்டு. பீற்றா சங்கிலியை ஆக்குவதற்கான பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள். ஒன்றில் மட்டும் பிழை இருந்தால் அவர் காவி. அவர் நோயாளி அல்லர். படிப்பார், ஓடுவார், பிள்ளை பெறுவார், பேரப்பிள்ளையும் காண்பார். இரண்டிலும் பிழை இருந்தால்தான் நோய். காவிகள் இருவர் மணம் முடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. காவியாகப் பிறக்க நான்கில் இரண்டு. பிழையே இல்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. உயர்தர உயிரியல் வகுப்பில் மெண்டலின் பட்டாணிக் கடலைக்காகக் கட்டம் கீறினோமே, அதே கட்டம்தான்.

ஒரு விடயத்தைப் பெற்றோர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "முதல் பிள்ளைக்கு வந்திட்டுதுதானே டொக்டர், இனி மூண்டு பிள்ளையளுக்கு வராதுதானே?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கல் புதிதாகத்தான் தொடங்குகிறது.

இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போது ஆரோக்கியமாகவே இருப்பார்கள். கருப்பையில் இருக்கும்போது பீற்றாவுக்குப் பதிலாகக் காமா என்ற இன்னொரு சங்கிலி வேலை செய்கிறது. அதுதான் சிசு ஈமோகுளோபின். பிறந்த பின்னர் சில மாதங்களில் காமா ஓய்ந்து பீற்றா பொறுப்பெடுக்க வேண்டும். அந்தக் கைமாறல் நேரத்தில்தான் பிள்ளை வெளிறத் தொடங்கும், பால் குடிக்காது, வயிறு வீங்கும். காமா சங்கிலியைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். பின்னர் வருகிறேன்.

கடுமையான நோயுள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுவதும். ஏற்றும் ஒவ்வொரு பைந்து இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மேலதிக இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது இருதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் போய்ப் படியும். பருவமடைதல் தள்ளிப்போகும், நீரிழிவு வரும், கடைசியில் இருதயம் களைக்கும். இரும்பை அகற்ற டெஸ்பரல் என்ற மருந்தைச் சிறிய பம்பி ஒன்றின் மூலம் தோலுக்குக் கீழே செலுத்த வேண்டும். ஓரிரவில் எட்டுப் பத்து மணித்தியாலம், கிழமையில் ஐந்தாறு இரவுகள். இப்போது வாயால் எடுக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "இதை உன் வாழ்நாள் முழுக்க ஒருநாளும் தவறவிடாதே" என்று சொல்லிப் பாருங்கள், அதன் பாரம் விளங்கும்.

இனி, இந்தப் பிழை ஏன் இவ்வளவு பேரிடம் இருக்கிறது என்ற கேள்வி. தலசீமியாவை 1925இல் முதலில் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் தோமஸ் கூலி. அவர் பார்த்த பிள்ளைகள் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கிரேக்க மொழியில் தலசா என்றால் கடல். பெயர் அதிலிருந்து வந்தது. 1949இல் ஜே.பி.எஸ். ஹோல்டேன் ஒரு கருத்தைச் சொன்னார். (இவர் பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்றுப் புவனேசுவரத்தில் காலமானவர்.) மலேரியா உள்ள ஊர்களில் தலசீமியாக் காவிகளே மலேரியாவுக்குத் தப்பியிருப்பார்கள், அதனால்தான் அந்தப் பரம்பரையலகு அங்கே அழியாமல் பெருகியிருக்கிறது என்றார். பின்னர் நடந்த ஆய்வுகள் மலேரியாவுக்கும் இந்த இரத்த மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தின.

எங்கள் நாட்டை நினைத்துப் பாருங்கள். 1934, 35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். எங்கள் பாட்டிமாரின் காலம் அது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நுளம்பு காவிய ஒட்டுண்ணியை விரட்டிவிட்டோம். அதனோடு நூற்றாண்டுகளாகப் போராடியதன் அடையாளம் எங்கள் இரத்தத்தில் மிச்சமிருக்கிறது. ஆகவே காவி என்றால் ஏதோ குறையுள்ள பரம்பரை என்று எண்ணுவது தலைகீழான விளக்கம். தப்பிப் பிழைத்தவர்களின் பரம்பரை அது.

இலங்கையில் பீற்றா தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருக்கிறார்கள். இது சராசரி மட்டுமே; மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிய வேறுபாடு உண்டு. இதை அளந்து சொன்ன ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செற் சஞ்சிகையில் வெளியானது. குருநாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையத்து வைத்தியர்களும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துச் சேர் டேவிட் வெதராலின் குழுவினரும் சேர்ந்து செய்தது. வெதரால் சிங்கப்பூரில் பிரித்தானிய இராணுவ வைத்தியராக இருந்த இளவயதில், நேபாளக் கூர்க்காப் படைவீரர் ஒருவரின் குழந்தையில் இந்த நோயைக் கண்டவர். அன்று தொடங்கிய கேள்வி 2018இல் அவர் மறையும் வரை அவரை விடவில்லை.

குருநாகலில் அவர்களைக் குழப்பியது வேறொரு விடயம். எங்கள் நாட்டு நோயாளரில் மூன்றிலொரு பங்களவினருக்கு இருப்பது ஈமோகுளோபின் ஈ பீற்றா தலசீமியா என்ற வகை. ஒருபக்கப் பெற்றோரிடமிருந்து பீற்றா தலசீமியா, மறுபக்கத்திலிருந்து ஈமோகுளோபின் ஈ என்ற சிறு மாற்றம். அதே இரண்டு பிழைகள் கொண்ட இருவரை எடுத்தால், ஒருவர் மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்ச்சி குன்றியிருப்பார். மற்றவர் வயலில் வேலை செய்வார், பிள்ளை குட்டியோடு இருப்பார், வேறெதற்கோ வைத்தியசாலைக்கு வந்த இடத்தில்தான் நோய் தெரியவரும். பரம்பரையலகு ஒன்றென்றால் விதியும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

நான் பட்டப்பின் பயிற்சிக்காக அந்தப் பகுதியில் இருந்த காலத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிலரிடம் சிசு ஈமோகுளோபின் கூடுதலாக எஞ்சியிருந்தது; அவர்களுக்கு நோய் இலகு. இன்னும் சிலருக்கு அல்பா சங்கிலியிலும் ஒரு பிழை இருந்தது. அவர்களுக்கும் நோய் இலகு! பீற்றா குறைவதால் தனித்து மிஞ்சும் அல்பாதான் கலத்தைச் சேதப்படுத்துகிறது. அல்பாவும் குறைந்தால் சமநிலை ஓரளவு திரும்புகிறது. இரண்டு பிழைகள் ஒரு பிழையை விட நல்லதாய் முடியும் இந்தக் கணக்கை எந்தக் கணித ஆசிரியையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பழைய மலேரியாத் தொற்றுக்கும், வயதுக்கும் கூடப் பங்கு இருப்பதாகக் கண்டார்கள்.

இதன் பலன் புத்தகத்தோடு நிற்கவில்லை. இரத்த அளவு குறைவு என்ற எண்ணை மட்டும் பார்த்துச் சிறுவயதிலேயே இரத்தம் ஏற்றத் தொடங்கியவர்களில், நிறுத்தினாலும் தீங்கின்றி வாழக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு அதை நிறுத்த முடிந்தது. இரத்தம் ஏற்றாவிட்டால் இரும்பு இல்லை, இரும்பு இல்லாவிட்டால் இரவு முழுதும் பம்பி இல்லை. ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டார் வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போவது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

இப்போது காமாவுக்கு வருகிறேன். சிசு ஈமோகுளோபின் எஞ்சியிருந்தால் நோய் இலகு என்றால், ஓய்ந்த காமாவை மீண்டும் எழுப்ப முடியாதா? 2007, 2008 அளவில், பெரியவர்களான பின்பும் சிசு ஈமோகுளோபின் கூடுதலாக உள்ளவர்களின் முழு மரபுத் தொகுதியையும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தேடினார்கள். 2ஆம் நிறமூர்த்தத்தில் பி.சி.எல்.11ஏ என்ற பரம்பரையலகு அகப்பட்டது. காமாவை அணைத்து வைத்திருக்கும் ஆளி அதுதான் என்று பொஸ்டனில் ஸ்ருவட் ஓர்கினின் ஆய்வுகூடம் காட்டியது. அந்த ஆளியை இரத்தக் கலங்களில் மட்டும் செயலிழக்கச் செய்யும் வழி, கிறிஸ்பர் என்ற பரம்பரையலகு வெட்டும் முறையோடு வந்தது. அந்த முறைக்காக 2020இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றவர்கள் இமானுவேல் ஷார்பன்ரியே, ஜெனிபர் டவுட்னா என்ற இரு பெண்கள். பெண்கள் கல்லூரி மேடை என்பதால் பெயர்களைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நோயாளியின் சொந்த என்பு மச்சைக் கலங்களை வெளியே எடுத்து, ஆளியை வெட்டி, திரும்பச் செலுத்துகிறார்கள். கஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் உலகில் முதலாவதாகப் பிரித்தானியா அனுமதி வழங்கியது.

விலை? அமெரிக்காவில் ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். அதற்கு முன் கடுமையான கீமோதெரபியும் தாங்க வேண்டும். எங்கள் வார்டில் உள்ள பிள்ளைக்கு அது எட்டாது. என் சேவைக்காலத்திலாவது எட்டுமா என்று கேட்டால், விலை இப்படியே இருந்தால் எட்டாது என்பதுதான் என் கணிப்பு.

எட்டக்கூடியது ஒன்று இருக்கிறது. சில நூறு ரூபாவிலிருந்து தொடங்கும் இரத்தப் பரிசோதனை. சாதாரண எப்.பி.சி. பரிசோதனையில் எம்.சி.வி. என்ற எண் 80இற்குக் கீழே இருந்தால் சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் அது குறையும். ஆகவே அடுத்ததாக எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையில் ஈமோகுளோபின் ஏ2 கூடியிருக்கிறதா, ஈமோகுளோபின் ஈ இருக்கிறதா என்று பார்ப்போம். "எனக்குச் சின்னனில இருந்தே இரத்தம் காணாது, எத்தினை வருசமா இரும்புக் குளிசை போடுறன், ஏறுதில்லை" என்று சொல்லும் பெண்களில் சிலர் உண்மையில் காவிகள். அவர்களுக்குக் குளிசை தேவையே இல்லாமல் இருக்கலாம்.

"எங்கட பக்கத்தில உந்த வருத்தம் இல்லை" என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். குறைவாக இருக்கலாம். ஆனால் மச்சான் மச்சாள் திருமணம் எங்கள் சமூகத்தில் வழக்கமாக இருந்த ஒன்று. ஒரே பாட்டனிடமிருந்து வந்த அதே பிழை இரு பக்கமும் சந்திக்க அங்கே வாய்ப்புக் கூடுகிறது. போதாததற்கு எங்கள் பிள்ளைகள் இன்று எல்லா நாட்டவரையும், எல்லா இனத்தவரையும் மணம் முடிக்கிறார்கள். மத்தியதரைக் கடலோரம், தென்கிழக்கு ஆசியா, குஜராத் என்று காவிகள் நிறைந்த ஊர்கள் பல.

சாதகப் பொருத்தம் பார்ப்பதை நான் இங்கே குறைகூற வரவில்லை. என் அம்மாவும் பார்த்தவர்தான். என் கவலை வேறு. வாட்டில் ஒரு தாய் நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்திருப்பாள். பக்கத்தில் மாமியார் நின்று, "இவளின்ட பக்கத்தால வந்த வருத்தம்" என்பார். நானே எத்தனையோ தடவை கட்டம் கீறிக் காட்டியிருக்கிறேன்: அம்மா, இந்த நோய் உங்கள் மகனிடமிருந்தும் வராமல் வரவே முடியாது. சிலர் அமைதியாவார்கள். சிலர் அதன்பின் என்னோடு கதைப்பதில்லை. பரிசோதனை என்ற சொல் எழுந்தாலும் பெண்ணைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். முடிவு காவி என்று வந்துவிட்டால் அவளுக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும். மாப்பிள்ளையின் இரத்தத்தை எவரும் கேட்கமாட்டார்கள்.

நான் சொல்லும் வழி எளிது. முதலில் மாப்பிள்ளையைச் சோதியுங்கள். அவரது இரத்தம் முழுமையாகச் சரியென்றால், பெண் காவியா இல்லையா என்பது இந்த நோயைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே அல்ல. அவளைச் சோதிக்கவும் தேவையில்லை. அவர் காவி என்றால் மட்டும் அவளையும் பார்ப்போம். இருவரும் காவி என்றால் திருமணத் திகதி குறிக்கும் முன் வைத்தியரோடு கதைக்க வேண்டும். சைப்பிரஸில் ஏழு பேருக்கு ஒருவர் காவி. அங்கே திருமணத்துக்கு முன் பரிசோதனையை நடைமுறையாக்கியபோது, காவிகளான பெரும்பாலான இணைகள் பிரியவில்லை. கருவிலேயே சோதித்து முடிவெடுத்தார்கள். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே எங்கள் பெண்களுக்கு அந்த வழி திறந்தில்லை. திருமணத்துக்கு முன்னரே தெரிந்திருப்பது இங்கே இன்னும் முக்கியமாவது அதனால்தான்.

இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் தலசீமியாப் பரிசோதனை வழங்கப்படுகிறது. உங்கள் பழைய கோப்பில் முடிவு இருக்கும். தேடி எடுத்துப் பாருங்கள். நீங்கள் காவி என்று இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊரிலிருக்கும் அண்ணன், தம்பி, தங்கை எல்லோருக்கும் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் காவியாக இருக்க இரண்டிலொரு வாய்ப்பாவது உண்டு. இங்கே உள்ளவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

தேநீர் வேளையில் மண்டபத்தின் பின்பக்கம் இருப்பேன். கேள்விகள் உள்ளவர்கள் வாருங்கள். பழைய இரத்த அறிக்கைகளைக் கைப்பையில் வைத்திருந்தால் அவற்றையும் கொண்டுவாருங்கள்.